சுதாவின் வலிக்கு நீ அனுப்பிய படிவம்

முரளி,

உன் கவர் திங்கட்கிழமை வந்தது. சுகமா, சௌக்கியமா என்றெல்லாம் கேட்டு ஆரம்பிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய். சுகமில்லாதவள் இங்கே என் வீட்டுப் பின்கட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கவரைப் பிரித்தால் ஒரு பக்கம் கடிதம், நான்கு பக்கம் படிவம். உன் ஆபீஸ் டைப்பிஸ்டை உட்காரவைத்துக் கட்டம் போட்டு அடித்திருக்கிறாய்: வலி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடைவெளி, தீவிரம் ஒன்று முதல் ஐந்து வரை, குறிப்புகள். கீழே பதிவு செய்தவர் கையெழுத்துக்கு ஒரு கோடு வேறு. ராஞ்சியில் பிளாண்ட் ஓட்டுகிற புத்தி, பெண்டாட்டி வயிற்றையும் விடவில்லை. “அடுத்தடுத்து மூன்று வலி ஐந்து நிமிட இடைவெளிக்குள் வந்தால் மட்டும் தந்தி கொடுங்கள், அதுவரை லீவைத் தொட வேண்டாம் என்று பார்க்கிறேன், அப்பாவுக்குத்தான் இது கைவந்த வேலையாயிற்றே” என்று எழுதியிருக்கிறாய். சரிதான், தந்தி உன் கைக்கு வந்து, நீ ரயிலேறி, வழியில் வண்டி மாறி, செகந்திராபாத்தில் இறங்க இரண்டு நாள் ஆகும். ஐந்து நிமிட வலி உனக்காக இரண்டு நாள் உட்கார்ந்திருக்குமா? எஞ்சினியரிங் படித்தவன்தானே நீ? அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் பாதி உன்மேல், பாதி என்மேல். என்மேல் ஏன் என்று சொல்லத்தான் இத்தனை நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். பாதியில் மடித்து வைக்காமல் படி.

முதலில் சுதா எப்படி இருக்கிறாள் என்று சொல்கிறேன், உன் கட்டத்துக்குள் அடங்காது. டாக்டரம்மா சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கால் இரண்டும் வீங்கி அவள் செருப்பு எதுவும் நுழையவில்லை, என்னுடைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறாள். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. ஒருக்களித்துப் படுத்தால் ஒரு மணி நேரத்தில் இடுப்பு மரத்துவிடுகிறது. இரண்டு வாய் சாதம் இறங்கினால் நெஞ்செரிச்சல். விடியற்காலையில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது, வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நடுநடுவே வயிறு இறுகுகிறது. “கல்லு மாதிரி ஆயிடுது மாமா, அப்புறம் தானா விட்டுருது” என்று முதல் தடவை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் பயம் அப்படியே இருந்தது. தாயில்லாத பெண். அவள் அம்மா இருந்திருந்தால் சீமந்தம் முடிந்த கையோடு அங்கே போயிருப்பாள். இப்போது அந்த வீட்டில் அப்பாவும் இரண்டு தம்பிகளும்தான், பிரசவத்துக்கு அங்கே அனுப்ப முடியாது என்றுதானே மெட்டுகுடாவில் நம் வீட்டில் கொண்டுவந்து விட்டாய்? விட்டது சரி. விட்டுவிட்டுப் போனதுதான் சரியில்லை.

இருபது நாள் முன்பு அவளுக்கு வலி எடுத்து நாங்கள் பயந்துபோய்த் தந்தி கொடுத்தோம். நீ வந்தாய், நான் இல்லை என்று சொல்லவில்லை. நீ வந்து சேர்வதற்குள் வலி அடங்கிவிட்டது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, “இது சூட்டு வலி. கர்ப்பப்பை ஒத்திகை பார்த்துக்குது, அவ்வளவுதான்” என்றார். நீ பெட்டியைக்கூடத் திறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, “இதுக்கா தந்தி குடுத்தீங்க?” என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? என்னைப் பார்த்துத்தான் கேட்டாய். ஆனால் சுதா கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். காப்பி தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனவள் அன்று முழுக்க வெளியே வரவில்லை. நான்கு நாள் இருந்தாய், நான்கு நாளும் பிளாண்டைப் பற்றியே பேசினாய். நீ போனபிறகு மறுபடியும் ஒரு நாள் வலி வந்தது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், திருப்பி அனுப்பினார்கள். வரும் வழியில் ஆட்டோவில் அவள் உன் அம்மாவிடம், “அவருக்கு எழுத வேணாம் அத்தை, சிரிப்பாங்க” என்றாள். ஆனால் நான் எழுதிவிட்டேன். அதற்குப் பதிலாகத்தான் உன் படிவம் வந்திருக்கிறது.

உன் கவர் வந்த அன்று காலையில் நடந்தது இது. நான் பல் தேய்த்துவிட்டு உள்ளே வந்தால் சுதா சமையலறை மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறாள். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, அவளுக்கு அது தெரியவில்லை. “என்னம்மா, வலிக்குதா?” என்றேன். உடனே நிமிர்ந்துவிட்டாள். நெற்றியெல்லாம் வேர்வை. “ஒண்ணுமில்ல மாமா” என்று சொல்லிச் சிரித்தாள். பின்னால் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த உன் அம்மா கையை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த “ஒண்ணுமில்ல” எனக்குப் புதிதல்ல முரளி. இருபத்தெட்டு வருஷமாக இந்த வீட்டில் நான் கேட்கிற வார்த்தை அது.

நீ பிறந்த கதையை நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! உன் கல்யாணத்தில்கூட உன் மாமனாரிடம் சொன்னேன், பந்தியே சிரித்தது. ‘ஸ்டாப்வாட்ச் பிடித்துப் பிள்ளையை வரவேற்ற ஒரே அப்பன் நான்தான்’ என்று. அந்தக் கதையில் நான் ஒரு கோமாளி, ஆனால் நல்ல கோமாளி. பெண்டாட்டிமேல் அக்கறை உள்ளவன், கொஞ்சம் ஒர்க்‌ஷாப் கிறுக்குப் பிடித்தவன். நான் சொல்லும்போதெல்லாம் உன் அம்மாவும் சிரிப்பாள். ஆனால் அவள் ஒரு தடவைகூட அந்தக் கதையைத் தன் வாயால் சொன்னதில்லை. நான் கவனிக்கவில்லை, நீயும் கவனித்திருக்க மாட்டாய். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால்தான் நீ படிவம் அனுப்புகிறாய். அதனால் நடந்ததை நடந்தபடி இப்போது கேட்டுக்கொள்.

நான் அப்போது லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் ரேட் ஃபிக்ஸர். ஒரு வேலைக்கு எத்தனை நிமிடம் என்று முடிவு கட்டுகிற ஆள். ஃபிட்டர் பக்கத்தில் போய் நிற்பேன், இடது கையில் அட்டை, அட்டை மேலே வாட்ச், வலது கையில் பென்சில். நான் வருவது தெரிந்ததும் ஷெட்டின் கோடி வரைக்கும் குரல் போய்விடும், “ஆகயா, கடிவாலா ஆகயா!” என்று, கடிகாரக்காரன் வந்துவிட்டானாம். கடிகாரத்தைப் பார்த்த நிமிஷமே நல்ல வேலைக்காரன் கை தடுமாறும், சோம்பேறி நடிக்க ஆரம்பிப்பான். ஒரு மேஸ்திரி என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார், “கைக்கு சாப் கடி நிகால்தே? கடியாரத்த எதுக்கு எடுக்கறீங்க? சும்மா நின்னு பாருங்களேன், வேலை தெரியும்.” நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்து தடவை அளப்பேன், அதில் ரொம்பக் கூடுதலாகவோ ரொம்பக் குறைவாகவோ வருகிற ரீடிங்கைச் சுற்றி வட்டம் போட்டு அடித்துவிடுவேன். ஒத்துவராத ரீடிங்கைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அதுதான் எங்கள் விதி. மிச்சத்தைக் கூட்டி வகுத்தால் வருவதுதான் உண்மை. அந்த வயதில் நான் அதை மனசார நம்பினேன்.

உன் அம்மாவுக்கு ஒன்பதாம் மாதம். கல்யாணமாகித் திருச்சியிலிருந்து வந்து ஒன்றரை வருஷம்தான், பிரசவத்துக்கு அங்கே அனுப்பியிருக்க வேண்டும். அவள் அப்பாவுக்கு அந்த வருஷம் பக்கவாதம் வந்து படுத்துவிட்டதால் இங்கேயே இருந்தாள். எட்டு நாளில் இரண்டு தடவை வலி என்றாள். இரண்டு தடவையும் ரிக்‌ஷா வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், இரண்டு தடவையும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரிதான், அதில் குற்றமில்லை. இரண்டாம் தடவை நான் பாதி நாள் லீவு போட வேண்டியிருந்தது. மறுநாள் செக்‌ஷனில், “என்ன சார், பிள்ளை ரீவொர்க்குக்குப் போயிருக்கா?” என்று, தேறாத வேலையைத் திருப்பிச் செய்ய அனுப்புவதைச் சொல்லிக் கிண்டல் செய்தார்கள். அது எனக்குச் சுருக்கென்று பட்டது. சனிக்கிழமை மாலை ஸ்டாப்வாட்சைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தேன். “வலி வந்ததும் கையத் தூக்கு, விட்டதும் இறக்கு” என்று சொல்லியிருந்தேன். அவளும் பாவம், இருபது வயது, நான் சொன்னபடியே கையைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். பன்னிரண்டு நிமிடம், ஏழு நிமிடம், இருபது நிமிடம், ஒன்பது நிமிடம். நடுவில் ஒரு வலி ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போனது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு “அம்மா” என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அதைச் சுற்றி வட்டம் போட்டு அடித்தேன். மற்றதோடு ஒத்துவரவில்லை அல்லவா. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கவில்லை. முதுகில் கை வைக்கவில்லை. வாட்சை விட்டு எழுந்தால் அடுத்த ரீடிங் போய்விடுமே! பன்னிரண்டு மணிக்குக் கணக்குப் போட்டு, “சீரா இல்ல. இது வலியே இல்ல” என்று தீர்ப்புச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்து, “அப்ப இது என்னங்க?” என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் சோறு போடச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலை நான் கிளம்பும்போது முறைக்குக் கேட்டேன், “வலி ஏதாவது?” “ஒண்ணுமில்ல, நீங்க போங்க” என்றாள். போய்விட்டேன். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. சாயங்காலம் சங்கு ஊதி, சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. எதிர் வரிசை வீட்டுக்காரர் சொல்கிறார், “அரே, உங்களுக்குத் தெரியாதா? ஆண் குழந்தை, மத்தியானமே ஆயிடுச்சே!” ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மார்க்கெட்டுக்குப் போன இடத்தில், ரோட்டோரம் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்ற உன் அம்மாவைப் பார்த்து, ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவர்கள்தான். தாதி குழந்தையைத் துடைத்துக் கொடுத்ததும் முதலில் வாங்கியது அவர்கள் கைதான், என் கை இல்லை. என்னைப் பார்த்ததும், “கைக்கு ஆயே? எதுக்கு வந்தீங்க, கடியாரம் பாக்கவா?” என்று கேட்டார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பிலிருந்துதான் நான் ஊரெல்லாம் சொன்ன கதை பிறந்தது. பிலோமினா அக்கா சிரிக்கவில்லை என்பதைக் கதையிலிருந்து நான் எடுத்துவிட்டேன்.

அதோடு போயிற்றா என்றால், இல்லை. அன்றோடு உன் அம்மா என்னிடம் வலி சொல்வதை நிறுத்திவிட்டாள். கோபித்துக்கொண்டு நிறுத்தவில்லை, சண்டை போடவில்லை, சமைத்தாள், பேசினாள், சிரித்தாள். வலியை மட்டும் சொல்லவில்லை. நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. சாயங்காலம் ஒற்றைக் கையால் தோசை திருப்புவதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஐந்து வருஷம் முன்பு பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் நடந்ததே, அதற்கு முன்னால் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, “எத்தனை நாளா வலி?” என்று கேட்டார். “எட்டு மாசமா” என்றாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற புருஷனுக்கு அது அப்போதுதான் தெரிகிறது! டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வெளியே வந்து, “ஏண்டி எங்கிட்ட சொல்லல?” என்று கத்தினேன். “சொல்லணும்னு தோணலைங்க” என்றாள். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் படுக்கிற மனுஷியிடம் இந்தப் பதிலை வாங்கிப் பார், தெரியும்.

நேரம் பார்ப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. டாக்டரம்மாவும் நேரம் பார்க்கத்தான் சொல்கிறார். வலி வரவர நெருங்கிக்கொண்டும் கூடிக்கொண்டும் போனால் நிஜ வலி, எழுந்து நடந்தாலோ புரண்டு படுத்தாலோ அடங்கினால் பெரும்பாலும் சூட்டு வலி என்றார். அதற்கு ஒரு சுவர்க் கடிகாரம் போதும், உன் அம்மா பார்த்துக்கொள்வாள். ஆனால் தண்ணீர் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ கடிகாரமே பார்க்க வேண்டாம், உடனே வாருங்கள், பத்து தடவை வீணாக வந்தாலும் நான் திட்ட மாட்டேன் என்றார். ‘பத்து தடவை’ என்று அந்த அம்மாள் சொன்னதும் சுதாவின் தோள் தளர்ந்ததை நான் பார்த்தேன். உன் படிவத்தில் அந்தப் பத்து தடவைக்கு எங்கே இடம்? சூட்டு வலி என்றால் வலிக்காது என்று உனக்கு யார் சொன்னது? வலி என்னவோ வலிதான்.

நீ வந்தால் செய்ய வேண்டியது என்னவென்று கேட்பாய், உனக்கு வேலைப் பட்டியல் இல்லாமல் தூக்கம் வராது. இதெல்லாம் உன் அம்மா இப்போது செய்வதைப் பார்த்து நான் அறுபது வயதில் கற்றுக்கொண்டவை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி முழங்காலுக்கு நடுவில் ஒரு தலையணை, வயிற்றுக்கு அண்டக்கொடுத்து இன்னொன்று. கெண்டைக்கால் இழுத்தால் பாதத்தைப் பிடித்து விரல்களை அவள் முகத்தைப் பார்க்கிற மாதிரி மெல்ல மடக்கு, விட்டுவிடும். சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக, சாப்பிட்டவுடன் படுக்க வேண்டாம். சீரகத் தண்ணீரோ வெறும் தண்ணீரோ, கேட்கும் முன் கையில் கொடு. வயிறு இறுகும்போது பேச்சுக் கொடுக்காதே. மூச்சை மெல்ல விடட்டும், நீயும் கூட விடு. இடுப்புக்குக் கீழே உள்ளங்கையால் அழுத்திப் பிடி, போதும் என்று அவள் சொல்கிற வரை எடுக்காதே. அவள் எரிந்து விழுவாள், விழட்டும். “கைய எடுங்க” என்பாள், எடுத்தால் “ஏன் எடுத்தீங்க” என்பாள். ஆறு மணிக்கு இந்தச் சந்தில் மெல்ல நடக்கக் கூட்டிப்போ. நேற்று நான்தான் கூட்டிப்போனேன். மாமனாரைப் பிடித்துக்கொண்டு நடக்க அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும், யோசித்துப் பார். இறுக்கம் வந்தபோதெல்லாம் என் கையைப் பிடிக்காமல் காம்பவுண்டு சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பிளாண்ட் கமிஷனிங், புது உலை ஏற்றுகிற சமயம் என்கிறாய். நீ மூன்று வாரம் இல்லாவிட்டால் ஒரு பர்னஸும் அணைந்துவிடாது. எனக்கும் ஒர்க்‌ஷாப் அப்படித்தான் தோன்றியது. ரிட்டையரான மறுவாரம் ஏதோ காகிதம் வாங்கப் போனேன், கேட்டில் என்னை யாரென்று கேட்டார்கள். முப்பத்தைந்து வருஷம் அளந்த ஒரு ரேட்டும் இன்று நடப்பில் இல்லை. வீட்டில் நான் போட்ட ஒரே ஒரு ரேட் மட்டும் இன்னும் நடப்பில் இருக்கிறது. அதை மாற்ற எனக்கு வழி தெரியவில்லை. உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது, மூன்று வாரம்.

இதை எழுதி முடித்ததும் உன் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். அவளைப் பற்றி இத்தனை எழுதிவிட்டு அவளிடம் சொல்லாமல் தபாலில் போட மனம் வரவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்தது, வட்டம் போட்டு அடித்தது வந்தது, நிமிரவில்லை. பிலோமினா அக்கா பார்த்த இடம் வந்ததும், “அதுக்கு முன்னாடி உங்க ஒர்க்‌ஷாப் கேட்டுக்கு வந்தேன்” என்றாள். எனக்குப் புரியவில்லை. “எந்த கேட்டுக்கு?” என்றேன். “மெயின் கேட்டுக்குத்தான். ரொம்ப நேரம் நின்னேன். வாட்ச்மேன் எழுந்து வந்து, கிஸ்கு புலானா அம்மான்னு கேட்டான், யாரைக் கூப்பிடணும்னு. உங்களைச் சொல்ல வாயத் திறந்தேன். எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு கேப்பீங்களேன்னு நெனச்சேன். யாருமில்லன்னு சொல்லிட்டு நடந்துட்டேன்.” சொல்லிவிட்டுக் கீரைக் காம்பைக் கூட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சுதா நேற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுகூட, “அவர் எப்ப வருவார் மாமா?” என்று கேட்டாள். கேட்பதை அவள் நிறுத்துவதற்குள் வந்து சேர்.

அப்பா